போடாத பை

இறக்காமக் குளத்தின் தெற்குப் பற்றைக் காட்டிலிருந்து ஆறு யானைகள் வெளியே வருவதை முனாப் விமானத்திலிருந்து கண்டான். ஒன்று குட்டி. பின்னேரம் ஐந்தரை மணி. கதிர் முற்றிய வயல் வட்டை அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. அவன் இருக்கைக்குக் கீழே கையை விட்டான்.

பை இல்லை.

மறுபடி துழாவினான். முன் இருக்கைக்குக் கீழேயும் எட்டித் தடவிப் பார்த்தான். ஒரு பழைய லேஞ்சித் துணியும் ஒரு திருகாணியும்தான் கையில் பட்டன. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பைகளின் வாலும் கிழிந்திருந்தன. மனைவி றாஹிலாவிடம் தைக்கக் கொடுத்திருந்தான். அவள் நேற்றே தைத்துவிட்டாள். வாசல் ஆணியில் மாட்டி வைத்து, "மறக்காமக் கொண்டு போங்க" என்றும் சொல்லியிருந்தாள்.

கல்முனைப் பக்கத்தில் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த 1981ஆம் ஆண்டில் ஏழு பேர் இருந்தார்கள். பிழைப்புக்காக ஓட்டியவர் எவரும் இல்லை. ஒரு டொக்டர், ஓர் அரிசி ஆலைக்காரர், நீர்ப்பாசன எந்திரிமார் இருவர், கடைக்காரர் இருவர், கணக்கு வாத்தியாரான முனாப். ஏழு பேரும் சேர்ந்து ஒரு பறக்கும் கழகம் வைத்திருந்தார்கள்; கழகத்துக்கு ஒரே விமானம்: ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் இருக்கக்கூடிய, பழைய மஞ்சள் நிறப் பைப்பர். அது சொறிக்கல்முனைக்கு மேற்கே, முன்னொரு காலத்தில் மருந்தடிக்கும் விமானம் இறங்கிய கிரவல் தரையில் நின்றது. தரை விவசாயச் சங்கத்துக்குரியது. சங்கம் அதற்கு வாடகை கேட்கவில்லை. யானைக் காலத்தில் பின்னேரம் ஒரு தரம் வட்டைக்கு மேலே போய்ப் பார்த்து வந்தால் போதும் என்று சொல்லியிருந்தது.

யானையைக் கண்டால் பை போட வேண்டும். உள்ளங்கையளவு துணிப்பை, உள்ளே மணல், நான்கு முழச் சிவப்பு வால். யானை எத்தனை, எந்தப் பக்கம் என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் பையில் செருகிப் போட்டால், கீழே காவலில் நிற்கும் கச்சிமுகம்மது ஓடிப்போய்ப் பொறுக்குவான். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத் தகரம் அடிப்பான். காவல் வாடிகளில் நெருப்பு மூளும். மூன்று போகமாக இப்படித்தான் நடந்து வந்தது. ஓர் உயிரும் போனதில்லை.

முனாப் ஒரு சுற்றுச் சுற்றினான். கீழே பரணில் காவல்காரர் பக்கீர் முகைதீன் எழுந்து நின்று துவாயை வீசினார். யானைகள் அவருக்குத் தெரியவில்லை. இடையில் குளக்கட்டு மறைத்தது. முனாப் எந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, கதவைத் திறந்து, "யானை! யானை!" என்று கத்தினான். ஐந்நூறு அடி. காற்று அவன் வாயிலேயே சத்தத்தைப் பிடுங்கிக் கொண்டது. பக்கீர் முகைதீன் இன்னும் சந்தோஷமாகத் துவாயை வீசினார்.

இன்னும் இரண்டு சுற்று. நூறு அடிக்கு இறங்கினால் சத்தம் கேட்கும். இறங்கலாம். ஆனால் ஐந்நூறு அடிக்குக் கீழே எவரும் இறங்கக்கூடாது என்பது கழகத்தின் சட்டம். போன வருஷம் ஆலைக்காரர் அச்சிமுகம்மது ஹாஜியார் ஓட்டிய விமானத்தின் சில்லு ஒரு தென்னை வட்டில் உரசியபோது அந்தச் சட்டத்தைத் தன் கையால் எழுதி ஒட்டியவன் முனாப். கழகத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவன்தான்.

அவன் கிழக்கே திரும்பினான். இறங்கியதும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சொல்லிவிடலாம். அரை மணித்தியாலப் பாதை.

இறங்கியபோது வெளிச்சம் நன்றாக இருந்தது. விமானக் கொட்டிலில் டொக்டர் நல்லரெத்தினமும் ஹாஜியாரும் வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தார்கள்.

"என்ன மாஸ்டர், ஆனை கண்டயா, பூனை கண்டயா?" என்றார் ஹாஜியார்.

கண்டேன் என்றால் அடுத்த கேள்வி பை போட்டாயா என்பது. சென்ற மாதம் இதே ஹாஜியார் பை இல்லாமல் ஏறிவிட்டார் என்று முனாப் கூட்டத்தில் வைத்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தான். 'பை இல்லாமல் ஏறுவது கண் இல்லாமல் ஏறுவது போல' என்று கரும்பலகையில் வேறு எழுதினான். அந்தக் கரும்பலகை ஹாஜியாரின் தலைக்கு மேலேயே தொங்கியது.

"ஒண்டும் இல்ல காக்கா," என்றான் முனாப்.

டொக்டர் ஒரு கிளாஸை அவன் கையில் வைத்தார். இதைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். யானை எத்தனை தரம் குளக்கட்டுவரை வந்து, தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஹாஜியார் தன் மருமகனைப் பற்றி ஒரு கதை சொன்னார். முனாப் சிரித்தான். இரண்டாவது கிளாஸும் குடித்தான். வெளியே வந்தபோது பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. இனிப் போய் என்ன என்று தோன்றியது. வீட்டுப் பக்கம் திருப்பினான்.

வாசல் ஆணியில் இரண்டு பைகளும் புது வாலோடு தொங்கின.

மறுநாள் காலை பாடசாலைக்குச் செய்தி வந்தது. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு யானை வந்து பரணைச் சாய்த்துவிட்டது. பக்கீர் முகைதீன் மவுத்து; உயிர் பரணடியிலேயே போயிருந்தது.

*

மையித்து வீட்டில், அடக்கத்துக்கு முன், முனாப் வேலியோரமாக நின்றான். டொக்டரும் வந்திருந்தார். ஆண்கள் முற்றத்தில் கூடிக் கூடிக் கதைத்தார்கள். நடுவில் கச்சிமுகம்மது நின்றான். நாற்பது வயது, ஒல்லியான ஆள். சேட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

"பிளேன் மூணு தரம் சுத்தினத என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்," என்றார் வட்டவிதானை உதுமாலெவ்வை. வட்டையின் தண்ணீருக்கும் காவலுக்கும் பொறுப்பான மனிதர் அவர். "மூணு தரம் சுத்தினாப் பை விழும். விழாமப் போன நாள் இரிக்கா? சொல்லு கச்சி."

"இல்ல."

"அப்ப பை எங்க?"

"விழல்ல. வல்லாஹி விழல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் நிண்ட."

"பாத்துக்கிட்டு நிண்டாராம்," என்றான் ஒருவன். "சுருட்டுப் பத்தக்குள்ள எந்தக் கண்ணால பாத்தாய்?"

"இவன் பாத்தது பை இல்ல, பக்கத்து வாடிச் சோத்துப் பானைய."

இரண்டு மூன்று பேர் சிரிக்கப் பார்த்து, மையித்து வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள். கச்சிமுகம்மது சேட்டின் பொத்தானைத் தடவினான். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான்:

"கதிருக்குள்ள விழுந்திருந்தா... வால் சிக்கியிருந்தா... எனக்குத் தெரியாமப் போயிரிக்குமா?"

வட்டவிதானை திரும்பி முனாபைக் கண்டார். "மாஸ்டர், நேத்து நீங்கதானே வந்த?"

"ஓம்," என்றான் முனாப்.

அதற்குள் டொக்டர் அவனுடைய முழங்கையைப் பிடித்தார். "வட்டவிதானையார், மையித்த வச்சிக்கிட்டு இந்தக் கதை வேணாம். பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முனாபும் தோள் கொடுத்தான். பாரம் தெரியவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

திரும்பும்போது டொக்டரின் காரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். ஆறு யானை, ஆணியில் தொங்கிய பை, கத்தியது. தேத்தண்ணியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. கிளாஸை நீட்டியவரே அவர்.

டொக்டர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"எங்களுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "காரிலயே போயிரிக்கலாம்."

டொக்டர் மறுபடி காரைக் கிளப்பினார்.

"சரி. போனது போயிற்று. ஆராவது கேட்டா, சட்டப்படி ஐந்நூறு அடிக்குக் கீழ இறங்க ஏலாம இருந்ததெண்டு சொல்லு. பொய் இல்ல அது. பையப் பத்தி நீயாக வாய் திறக்காத. தரை போயிடும். தரை போனாக் கழகமும் இல்ல."

மாதத்தின் முதல் ஞாயிறு பிழைக் கூட்டம். அதைத் தொடக்கியதும் முனாப்தான். ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் செய்த பிழையைத் தானே சொல்ல வேண்டும். கேட்பவர்கள் ஏசக்கூடாது, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் செய்த பிழையை இன்னொருவர் செய்யாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது அவனுடைய வாதம். நாளடைவில் எல்லாரும் சிரிப்பு வரும் பிழைகளாகத் தேடிச் சொல்லப் பழகியிருந்தார்கள். முனாப் அதில் கெட்டிக்காரன். ஒரு தரம் எண்ணெய் மூடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டில் முழுக்கத் தேடிய கதையைச் சொல்லி எல்லாரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தான்.

அந்த ஞாயிறு அவனுடைய முறை வந்தது.

"இந்த மாசம் எனக்குப் பிழை ஒண்டும் இல்ல," என்றான்.

டொக்டர் மேசையைப் பார்த்தார். ஹாஜியார் கையை உயர்த்தினார். "நான் ஒண்டு சொல்லணும். மாஸ்டர் அண்டைக்கு யானையக் கண்டும் சட்டத்த மீறிப் பதியப் பறக்கல்ல எண்டு டொக்டர் சொன்ன. நானா இருந்தா இறங்கியிருப்பன். மரத்தில மோதிச் செத்தும் போயிருப்பன். அந்த நேரத்தில சட்டத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்க ஒரு மனசு வேணும்."

மற்றவர்கள் தலையசைத்தார்கள். யாரோ அவன் முதுகில் தட்டினார். யானையைக் கண்டதை ஏன் அன்று தனக்குச் சொல்லவில்லை என்று ஹாஜியார் கேட்கவே இல்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

*

புதன்கிழமை பின்னேரம் முனாப் மறுபடி வட்டைக்கு மேலே போனான். பைகள் இரண்டும் இருக்கைக்குக் கீழே இருந்தன. யானை எதுவும் இல்லை. ஆனால் விளைந்த வயலுக்குள் கோடுகள் தெரிந்தன. நேர்க்கோடுகள். ஒரு வரம்பிலிருந்து அடுத்த வரம்புக்கு, பிறகு இரண்டு முழம் தள்ளித் திரும்பவும். முதலில் மாடு என்று நினைத்தான். மாடு இப்படிக் கணக்காக நடக்காது.

ஒரு கோட்டின் முனையில் கச்சிமுகம்மது இருந்தான். குனிந்து இரண்டு கையாலும் கதிரை விலக்கி விலக்கிப் போனான். விமானச் சத்தத்துக்குக் கூட நிமிரவில்லை.

முனாப் விமானத்தைக் கிழக்கே திருப்பினான்.

பாடசாலையில் படிப்பிக்கும் இறக்காமத்து ஆசிரியர் ஒருவர் மற்ற விவரத்தைச் சொன்னார். கச்சிமுகம்மது காலையில் போனால் பொழுதுபடத்தான் வீட்டுக்கு வருகிறான். பை விழுந்துதான் இருக்கும், தனக்குத்தான் கண் தப்பிவிட்டது என்று இப்போது அவனே சொல்கிறான். கதிரை மிதிக்கிறான் என்று வயற்காரர்கள் கம்பெடுத்து விரட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வட்டைக் கூட்டம். அவனைக் காவலிலிருந்து நீக்கப் போகிறார்கள். ஊரில் இனி எவரும் அவனை ஒரு வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள்.

"பாவம்தான்," என்றார் ஆசிரியர். "எண்டாலும் ஒரு மனிசன்ட உசிரு போச்சே மாஸ்டர்."

முனாப் டொக்டரிடம் போனான். டிஸ்பென்சரியில் ஆட்கள் போகும் வரைக்கும் காத்திருந்தான்.

"நான் போய்ச் சொல்லப் போறன்."

"சொல்லி? பக்கீர் முகைதீன் எழும்பி வாறதா?" டொக்டர் கையைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு நாளாக அவரும் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. "அந்த ஆளக் காப்பாத்தத்தான் வேணும். ஓம். நான் யோசிச்சன். பை கிடைச்சா?"

"என்ன பை?"

"குளத்தோரம் பன்புல்லுப் பத்தை ஒண்டு இருக்குதுதானே. காத்துக்குத் தள்ளுப்பட்டுப் பை அதுக்குள்ள விழுந்திட்டு. ஆருக்கும் தெரியல்ல. ஆர்ல பிழை? ஒருத்தரிலயும் இல்ல. காத்தில பிழை. அவன் தேடிக்கிட்டே இருக்கிறான், எப்பிடியும் எடுப்பான். எடுத்தவனும் அவனேயெண்டா, கூட்டத்தில தலை நிமிந்து நிக்கலாம்."

முனாப் யோசித்தான். அந்த யோசனையில் ஓட்டை எதுவும் இருக்கவில்லை. அவனுக்கு மூச்சு லேசாக வந்தது. ஒரு வாரத்தில் முதல் தரம்.

வியாழன் இரவு சாப்பிட்ட பிறகு துண்டை எழுதினான். 'யானை ஆறு. குட்டி ஒன்று. தெற்குக் கரை. மாலை 5.30.' திகதி போடும்போது கை நின்றது. போன வாரத்துத் திகதியைப் போட்டான். பையை மண்ணில் போட்டுப் புரட்டினான். புது வாலைச் செங்கல்லில் தேய்த்தான்.

றாஹிலா குசினி வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

"தைச்சிப் பத்து நாள் ஆகல்ல," என்றாள். "ஏன் கிழிக்கிறயள்?"

"வேலை இரிக்கி."

"அண்டைக்கு இந்தப் பை ரெண்டும் ஆணியிலதானே கிடந்த."

அவன் நிமிரவில்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிச்சத்தை அவன் இருட்டில் தேய்த்தான்.

*

வெள்ளிக்கிழமை, விடியும் வெள்ளாப்பு நேரம். முனாப் தனியாகவே விசிறியைச் சுழற்றி எந்திரத்தைக் கிளப்பினான். வட்டையில் பனி வெள்ளையாகக் கிடந்தது. பரண்களில் ஆள் அசையவில்லை. பன்புல்லுப் பற்றை ஒரு வீட்டு வளவின் அளவுதான் இருந்தது. ஐந்நூறு அடியிலிருந்து போட்டால் பை தண்ணீரில் விழலாம், குளக்கட்டில் விழலாம். அவன் இறங்கினான். முந்நூறு. நூறு. மருத மர உச்சிகள் சில்லுக்கு நேராக ஓடின. கணக்காக, மிக நன்றாக ஓட்டினான். கதவைத் திறந்து பையை விட்டான். பற்றையின் நடுவில் விழுந்தது.

விழுந்த இடத்திலிருந்து பத்து முழத்தில் ஓர் ஆள் எழுந்து நின்றான்.

இடுப்பளவு தண்ணீர். தலையில் துவாயைக் கட்டியிருந்தான். வட்டையெல்லாம் தேடி முடித்து, குளத்துக்குள்ளும் இறங்கித் தேடத் தொடங்கியிருந்தான் கச்சிமுகம்மது. அண்ணாந்து பார்த்தான். அவனுடைய முகத்தில் மூக்கு எது, கண் எது என்று தெரியும் அளவுக்கு முனாப் பதிந்து பறந்தான்.

கச்சிமுகம்மது கை காட்டவில்லை.

இறங்கியதும் முனாப் விமானத்தைக் கொட்டிலுக்குள் தள்ளவில்லை. நின்ற இடத்தில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். இறக்காமத்துக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. வழியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கச்சிமுகம்மது குளக்கட்டில் குந்தியிருந்தான். உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. பை முன்னால் கிடந்தது. அவன் அதைத் திறக்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியா," என்றான். "நீங்க வாசிங்க மாஸ்டர்."

"காக்கா..."

"வாசிங்க."

முனாப் துண்டை எடுத்தான். "யானை ஆறு. குட்டி ஒண்டு. தெற்குக் கரை. பின்னேரம் அஞ்சரை."

"தியதி இல்லயா?"

"இரிக்கி. போன கிழமை வியாழன்."

"எழுதினது?"

"நேத்து ராவு."

கச்சிமுகம்மது தலையை ஆட்டினான். கோபம் வரும் என்று முனாப் காத்திருந்தான். வரவில்லை. தேடித் தேடி அந்த மனிதனுக்குள் ஏதோ காய்ந்து போயிருந்தது.

"அண்டைக்கு என்ன நடந்த?"

முனாப் சொன்னான். ஆணியையும் சொன்னான். கத்தியதையும் சொன்னான். "பதிய இறங்கச் சட்டம் இல்ல காக்கா," என்று முடித்தான்.

"இண்டைக்கு இறங்கின."

முனாப் துண்டை மடித்தான்.

"மருதமரத்துக் கொப்புத் தட்டுற அளவுக்கு இறங்கின. பொய்யப் போட இவ்வளவு பதிய வரலாமெண்டா, அண்டைக்கு மெய்யச் சொல்ல வந்திருக்கலாமே மாஸ்டர்." அவன் சாரனைப் பிழிந்தான். "எனக்கு விசர் எண்டு நெனச்சன். என்ட கண்ணையே நம்பாமப் போயிட்டன். நான் பெத்த புள்ளயே, 'வாப்பா, சுருட்டுக் குடிச்சயா அண்டைக்கு' எண்டு கேட்ட."

"இண்டைக்குக் கூட்டத்தில நான் எல்லாம் சொல்றன்."

"கூட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு." கச்சிமுகம்மது எழுந்தான். "அதுக்கு முதல்ல சரீபாக்குச் சொல்லணும். வாங்க."

*

பக்கீர் முகைதீனின் மனைவி சரீபா இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவள். அவளுடைய தம்பி வாசலில் பாய் போட்டான். முனாப் அதில் உட்காரவில்லை. அறை வாசலில் பழைய சீலை ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் பெண்பிள்ளை ஒன்று எதற்கோ சிணுங்கியது, பிறகு ஓய்ந்தது.

கச்சிமுகம்மது வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ளுக்கு வாங்க காக்கா," என்றான் தம்பி, அரை மனதோடு.

"நான் இதுலயே நிக்கிறன்."

முனாப் திரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினான். முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று வரும் வழியில் நினைத்திருந்தான். அது பிழை. எந்தச் சொல் எங்கே போய்ப் படுகிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் இருட்டுக்குள் எறிய வேண்டியிருந்தது. பை விழவில்லை, போடவே இல்லை, கச்சிக் காக்காவில் குற்றம் இல்லை என்று சொல்லி நிறுத்தினான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உறுதியான, சின்னக் குரல்.

"நீங்க பிளேனால இறங்கக்குள்ள மஃரிபு ஆகிட்டா?"

"இல்ல ராத்தா. நல்ல வெளிச்சம்."

"மோட்டார் சைக்கிள் இரிந்திச்சா?"

"ஓம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும் இஞ்ச வர?"

"இருபத்தஞ்சு நிமிசம்."

"ஆனை வந்தது இஷாவுக்குப் பிறகு," என்றாள் அவள். "ரெண்டரை மணித்தியாலம்." கணக்குப் போடுவது போலச் சொன்னாள். "ஏன் வரல்ல?"

சட்டம் என்ற சொல் வாய்வரை வந்தது. இருட்டு, பாதை, யானை திரும்பிப் போகும் என்ற நினைப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது.

"தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்த," என்றான். "ஆனை எண்டு சொன்னாப் பை எங்க எண்டு கேப்பாங்க. மத்தவங்களுக்குப் படிப்பிக்கிறவன் நான். சிரிப்பாங்க. அந்த வெக்கத்துக்குத்தான் வாய் திறக்கல்ல. வேற ஒண்டும் இல்ல."

தம்பி நிலத்தைப் பார்த்தான்.

"கச்சிக் காக்கா," என்று அவள் திடீரென்று கூப்பிட்டாள். "நிக்கிறயளா?"

"ஓம் புள்ள."

"எட்டு நாளா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் ஒங்களுக்குப் பதுவாச் செய்த. ஒங்கட கண் அவியணும் எண்டு கேட்ட. மாப்புத் தாங்க."

"அல்லாக்காகத் தந்திட்டன் புள்ள. அழாத."

"மாஸ்டர்," என்றாள். குரல் இப்போது உடைந்திருந்தது. "குற்றம் இல்லாத மனிசனுக்கு என்ட வாயால அத எல்லாம் கேக்க வச்சயள். ஒங்களுக்கு நான் மாப்புத் தருவனா இல்லயா எண்டு எனக்குத் தெரியா. இப்ப கேக்காதீங்க."

அவன் கேட்கத்தான் வாயெடுத்திருந்தான்.

"கூட்டத்தில இதை இப்பிடியே சொல்லுங்க," என்றாள். "சட்டம் எண்டு ஒண்டையும் சேர்க்காதீங்க."

*

ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் வட்டைத் தலைப்பில், பெரிய வாய்க்கால் மரத்தடியில் கூடியது. அறுபது எழுபது பேர். டொக்டரும் ஹாஜியாரும் காரில் வந்து இறங்கினார்கள். கச்சிமுகம்மதின் கையில் பையைக் கண்டதும் டொக்டரின் முகம் தெளிந்தது. அவர் முனாபைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

வட்டவிதானை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கும் முன்பே முனாப் எழுந்தான். திரைக்கு முன்னால் சொன்னதையே சொன்னான். அதே ஒழுங்கில், அதே சொற்களில். இன்று விடியற்காலையில் போட்ட பையையும் சொன்னான். யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் தன்னுடையது என்று சொல்லியிருப்பான். தேத்தண்ணி என்ற இடத்தில் ஹாஜியார் தலையைக் குனிந்து கொண்டதைக் கண்டான். டொக்டர் காரின் கதவில் சாய்ந்து நின்றார்.

ஒரு கல்லாவது விழும் என்று எதிர்பார்த்தான். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"டேய் கச்சி," என்றார் வட்டவிதானை கடைசியில். "நாங்க உனக்குப் பிழை செஞ்சிட்டம்டா."

கச்சிமுகம்மது பையை அவருடைய காலடியில் வைத்தான். "என்ன விடுங்க. மாஸ்டருக்கிட்ட ஒண்டு கேளுங்க. இனிப் பிளேன் வந்தா நாம நம்பலாமா?"

எல்லாரும் முனாபைப் பார்த்தார்கள். டொக்டரும் பார்த்தார். தரை, கொட்டில், மஞ்சள் பைப்பர், ஏழு பேரின் பின்னேரங்கள் எல்லாம் அந்தப் பதிலில் இருந்தன.

"நம்பாதீங்க," என்றான் முனாப். "நாங்க விளையாட்டுக்குப் பறக்கிற ஆக்கள். ஒரு நாள் வருவம். ஒரு நாள் வரமாட்டம். வந்தாலும் மறப்பம்."

"பிளேன் வர முதல்ல இந்த வட்டையில நாலு பரண் இரிந்திச்சு," என்றான் கச்சிமுகம்மது, கூட்டத்தைப் பார்த்து. "மேல கண் இரிக்கி எண்டுதானே ரெண்டாக் குறைச்ச. பக்கீர் காக்கா தனிய இரிந்ததும் அதாலதான். நாலையும் திருப்பிக் கட்டணும். பரணுக்கு ரெண்டு பேர். இண்டைக்கே."

"இண்டைக்கேவா?"

"ஆனை நாளைக்கு வாறன் எண்டு ஒங்களுக்கிட்டச் சொல்லி அனுப்பினதா?"

ஒருவர் சிரித்தார். கூட்டம் அசைந்து கொடுத்தது. எங்கே தடி வெட்டுவது, யாருடைய வண்டி என்று கதை அந்தப் பக்கம் திரும்பியது. டொக்டரின் கார் கிளம்பிப் போனது. ஹாஜியார் அதில் ஏறவில்லை. தலைத்தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஒருவனிடம் கத்தி வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு காட்டுப் பக்கம் நடந்தார்.

முனாபை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.